பந்தும் பட்டமும்



லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக என் மேசையின்மீது இருக்கிறது. தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெங்களூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இவர் கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்கிறார். ஒரே மகன் பி.யு.சி. இரண்டாம் ஆண்டில் வணிகவியல் படிக்கிறான். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவர் எழுதியிருப்பதைச் சுருக்கித் தருகிறேன்.

"பந்தைச் சுழற்றி வீசுவதில் என் மகன் கெட்டிக்காரன் என்று பயிற்சியாளர் சொல்லுகிறார். கல்லூரிக்கு என்று புறப்படுகிறான், மைதானத்துக்குப் போய்விடுகிறான். வருகை குறைந்துவிட்டது என்று கல்லூரியில் எங்களை அழைத்துச் சொன்னார்கள். கேட்டால், 'இந்தியாவுக்கு ஆடப்போகிறவனுக்குக் கணக்குப்பதிவியல் எதற்கு?' என்கிறான். அவன் அப்பா பந்தையும் ஷூவையும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். மூன்று வாரங்களாகத் தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. ஐயா, நான் யார் பக்கம் பேசுவது?"

இந்தக் கடைசிக் கேள்வியை எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ! ஆகவே அவர் ஒருவருக்கு எழுதவேண்டிய பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எம்.ஜி. சாலைப் பக்கம் போகும்போது சின்னசுவாமி மைதானத்தின் அருகிலுள்ள சந்திப்பைக் கடந்திருப்பீர்கள். அதற்கு அனில் கும்ப்ளே வட்டம் என்று பெயர். பேருந்து நடத்துனர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லார் வாயிலும் வழங்கும் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் இந்த நகரத்தில் ஒரு கல்லூரி மாணவராக இருந்த நாட்களைத்தான் இன்று நாம் பார்க்கவேண்டும். அவர் எடுத்த விக்கெட்டுகளைப் பற்றி எல்லாரும் அறிவர். அவர் விக்கெட் எடுக்காத இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கும்ப்ளே என்பது காசர்கோட்டுக்கு அருகில் கடலோரமாக உள்ள ஓர் ஊரின் பெயர். நம்மில் பலரைப்போலவே அவருடைய குடும்பமும் சொந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு இந்த நகரத்தில் வாழ்ந்த குடும்பம். 1970ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அவர் பிறந்தார். பசவனகுடியில் நேஷனல் உயர்நிலைப் பள்ளியிலும் பின்பு நேஷனல் கல்லூரியிலும் படித்தார். பதின்மூன்றாம் வயதில் யங் கிரிக்கெட்டர்ஸ் என்ற சங்கத்தில் சேர்ந்தார். அப்பொழுது அவர் வீசியது மிதவேகப் பந்து. லெக் ஸ்பின் வீசிப் பார் என்று சொன்னவர் அவருடைய அண்ணன். வீட்டிலுள்ள ஒருவர் சொன்ன ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

பின்பு ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பிரிவில் சேர்ந்தார். அந்நாளிலும் இந்நாளிலும் அது இலேசான படிப்பு அன்று. பட்டறைப் பயிற்சி, வரைபடம், கணிதம் என்று மாணவனை உட்காரவிடாத படிப்பு. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 1989ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கர்நாடக அணிக்காக ஹைதராபாத்தை எதிர்த்து முதன்முதலாக ஆடினார். நான்கு விக்கெட் எடுத்தார். மட்டையைப் பிடித்த இரண்டு முறையும் ஓட்டமின்றி வெளியேறினார். (இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். முதல் ஆட்டத்திலேயே வெறுங்கையாகத் திரும்பியதால் யாருடைய வாழ்வும் முடிந்துவிடுவதில்லை.) அதன்பின் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் பாகிஸ்தானை எதிர்த்து ஆடிச் சதமடித்தார். 1990 ஏப்ரல் 25ஆம் நாள் ஷார்ஜாவில் இலங்கையை எதிர்த்து இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம். அதே ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் முதல் டெஸ்ட் ஆட்டம். மாநில அணியின் வாசலிலிருந்து நாட்டின் அணிக்குப் போக அவருக்கு ஒன்பது மாதங்களுக்கும் குறைவாகவே ஆயிற்று. மூக்குக் கண்ணாடி அணிந்து பந்து வீசவந்த அந்த மாணவருக்கு அன்று வயது பத்தொன்பது. முதல் இன்னிங்ஸில் 105 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார்.

அதற்குப் பின்? அடுத்த டெஸ்ட் ஆட்டத்தில் அவர் ஆடியது 1992 அக்டோபரில், ஜிம்பாப்வே நாட்டு ஹராரேயில். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. இந்திய அணி 1991 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. அவர் அதில் இல்லை. 1992 உலகக் கோப்பைக்குச் சென்றது, அதிலும் இல்லை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் நாட்டின் தொப்பியை அணிந்துவிட்டான். செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. தெருவில் நடந்தால் கைகாட்டுகிறார்கள். பிறகு ஒருநாள் அணியின் பட்டியல் வருகிறது. அதில் அவன் பெயர் இல்லை. அடுத்த பட்டியலிலும் இல்லை. நேற்றுக் கைகாட்டியவர்கள் இன்று, "என்ன தம்பி, இப்பொழுது ஆடுவதில்லையா?" என்று கேட்கிறார்கள். அந்த வயதில் அந்தக் கேள்வியைத் தாங்குவது எளிதா? ஏறுவதற்கு முன் காத்திருப்பது ஒருவகைத் துன்பம். ஏறியபின் இறக்கிவிடப்பட்டுக் காத்திருப்பது அதனினும் கொடிது.

கும்ப்ளேக்குத் திரும்பிப் போக ஒரு வகுப்பறை இருந்தது. அவர் திரும்பிப் போனார், படிப்பை முடித்தார், பொறியாளரானார். பந்து வீசுவதையும் விடவில்லை. கர்நாடக அணிக்கு ஆடிக்கொண்டே இருந்தார். 1992இல் இரானிக் கோப்பை ஆட்டம் டெல்லியில் நடைபெற்றது. அதில் இதர இந்திய அணிக்காக ஒரே ஆட்டத்தில் 13 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதற்குப் பின் அவரை ஒதுக்கிவைக்க ஒருவராலும் இயலவில்லை. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்கப் பயணத்தில் நான்கு டெஸ்ட்களில் 18 விக்கெட். ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும் ஒரே இன்னிங்ஸில் 53 ஓட்டங்களுக்கு ஆறு. மறு ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் ஹீரோ கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆறு பேரை 12 ஓட்டங்களுக்கு வெளியேற்றினார்.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. ஆகவே விரைந்து சொல்லிவிடுகிறேன். 1999 பிப்ரவரி 7ஆம் நாள் டெல்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் ஒருவராகவே எடுத்தார்; அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் அதைச் செய்திருந்தவர் ஜிம் லேக்கர் ஒருவரே. 2002இல் ஆன்டிகுவாவில் தாடை எலும்பு முறிந்த நிலையில் முகத்தைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டு பதினான்கு ஓவர்கள் வீசி லாராவை வெளியேற்றினார்; பிறகே அறுவைச் சிகிச்சைக்காகப் பெங்களூர் வந்தார். 2007இல் டெஸ்ட் அணியின் தலைவரானார். 2008 நவம்பரில் அதே டெல்லி மைதானத்தில் விடைபெற்றபோது 132 டெஸ்ட்களில் 619 விக்கெட்டுகள். இந்தியர் எவரும் இன்றுவரை அதைக் கடக்கவில்லை. இவருடைய பந்து சுழல்வதே இல்லை, இவர் லெக் ஸ்பின்னரே அல்லர் என்று தொடக்கம்முதல் குறை சொன்னவர்கள் உண்டு. பந்து அதிகம் சுழலவில்லை என்பது மெய்யே. உயரமான உடலிலிருந்து வேகத்தோடும் எழும்பும் தன்மையோடும், குறிவைத்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் விழும்படி வீசினார். இல்லாததைக் குறித்து வருந்தாமல் இருப்பதைக் கூர்மையாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவருக்கு முன்பே இதே நகரத்தில் இதைவிடக் கடினமான ஒரு முடிவை எடுத்தவர் இருந்தார். 1940இல் பெங்களூரில் பிறந்த எரப்பள்ளி பிரசன்னா. 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்தை எதிர்த்து முதல் டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்தார். அப்பொழுது அவர் மைசூரில் பொறியியல் மாணவர். அந்நாட்களில் தகப்பனாரும் காலமானார். பிரசன்னா படிப்பை முடிக்கவேண்டும் என்று உறுதிகொண்டார். இந்திய அணியை விட்டு விலகி நின்றார். மறுபடி டெஸ்ட் ஆடியது 1967 ஜனவரியில், அதே சென்னையில். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்! சுழற்பந்து வீச்சாளருக்கு இருபத்திரண்டு வயதுமுதல் இருபத்தாறு வயதுவரை என்பது எத்தகைய பருவம் என்பதை உங்கள் மகனிடமே கேளுங்கள். திரும்பி வந்தவர் இருபதாவது டெஸ்டிலேயே நூறு விக்கெட்டை எட்டினார். இந்தியரில் அத்தனை விரைவாக எட்டியவர் எவரும் அதற்கு முன் இல்லை. மொத்தம் 189 விக்கெட். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ரஞ்சிக் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த பம்பாய் அணியின் ஆதிக்கம் முடிந்து, 1974இல் கர்நாடகம் முதன்முதலாக அதை வென்றபோது தலைமை தாங்கியவரும் அவரே.

பிரசன்னாவின் அந்த இருபது டெஸ்ட் சாதனையை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 2013இல் பதினெட்டே டெஸ்ட்களில் முறியடித்தவர் யார் தெரியுமா? நம் சென்னை அஸ்வின். அவரும் பொறியியல் பட்டதாரியே!

"ஐயா, இவர்கள் எல்லாரும் படித்த குடும்பத்துப் பிள்ளைகள். பட்டம் அவர்களுக்கு இயல்பாகவே வந்துவிடும். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் தாயின் மகனுக்கும் இவர்களுக்கும் என்ன ஒப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பசவனகுடி வீட்டுப் பிள்ளைக்கும் லிங்கராஜபுரத்து ஒற்றையறை வீட்டுப் பிள்ளைக்கும் பாதை ஒன்றே என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆகவே சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்குப் போவோம்.

நடராஜனின் தகப்பனார் நெசவுக் கூலி. தாயார் சாலையோரக் கடை நடத்தியவர். ஊர்த் திடலில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளை. அவருக்கு வழிகாட்டியவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். நடராஜன் தம் சட்டையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து ஆடியதுண்டு. 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். உடனே வந்தது இடி: பந்து வீசும் முறை விதிக்கு ஏற்றதா என்ற ஐயம் எழுந்தது. கையசைவை முதலிலிருந்து திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கும்ப்ளேக்கு நேர்ந்த அதே காத்திருப்பு. ஆனால் இவருக்குப் பின்னால் ஆர்.வி. கல்லூரி இல்லை. அவரைத் தாங்கியது ஓர் ஊரும் ஒரு வழிகாட்டியும். 2017இல் ஐ.பி.எல். ஏலத்தில் மூன்று கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராகப் போனவர், மற்றவர்கள் காயமுற்றபோது, ஒரே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடித் திரும்பினார். பின்பு சொந்த ஊரில் பிள்ளைகளுக்கென ஒரு மைதானமும் அமைத்தார்.

நடராஜனைக் காட்டி, "பார், படிக்காமலும் முடியும்" என்று உங்கள் மகன் சொன்னால், அவரும் சேலத்தில் கல்லூரியில் படித்தவர் என்பதைச் சொல்லுங்கள். மூன்று கோடி என்ற எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் வேறு சில எண்களைத் தருகிறேன். ரஞ்சிக் கோப்பையில் ஆடும் அணிகள் 38. அணிக்குப் பதினைந்து பேர் என்று வைத்தால் நாடு முழுவதிலும் 570 பேர். ஐ.பி.எல்.லில் பத்து அணிகள். ஒவ்வொன்றிலும் அதிகமாய்ப் போனால் இருபத்தைந்து பேர். அவர்களுள் எட்டுப் பேர் வரை வெளிநாட்டவர் இருக்கலாம். எல்லா அணிகளும் அப்படி நிரப்பினால் இந்தியருக்குரிய இடம் 170. இந்த 170 பேருள்ளும் பலர் ஆண்டு முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறங்காமல் ஓரத்தில் அமர்ந்திருந்து திரும்புவோர். இதைச் சொல்வது பிள்ளையின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவதற்காக அன்று. எந்த வாசலுக்கு முன் எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்பதை அறிந்து நிற்கட்டும் என்பதற்காக.

இன்னொரு செய்தியைப் பெற்றோராகிய உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர், பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று அணிகள் வயதுவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. "பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆண்டைக் குறைத்துவிட்டால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் மனிதர்கள் மைதானத்து ஓரங்களில் உண்டு. தேர்வாளரைத் தெரியும் என்று பணம் கேட்போரும் உண்டு. ஊரிலிருந்து வந்து காகிதம் அறியாமல் நிற்கும் நம் ஜனங்களே அவர்களுக்கு எளிதில் அகப்படுகிறார்கள். கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதை மதிப்பிடுகிறது. பொய்ச் சான்று கொடுத்தது தெரிந்தால் இரண்டு ஆண்டுகள் தடை என்று 2020இல் அறிவித்தது. தடை ஒருபுறம் இருக்கட்டும். தன் பிறந்தநாளையே பொய்யாகச் சொல்லும்படி பெற்றோரால் பழக்கப்பட்ட பிள்ளை பிறகு எதைத்தான் மெய்யாகச் சொல்லும்?

நம் வாசகர்களில் பலருக்கு வேறொரு கவலையும் உண்டு என்பதை அறிவேன். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனையும் அப்பொழுதே. இதற்கு நான் சட்டம் எழுதப்போவதில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் எரிக் லிடெல் அதில் ஓடவில்லை என்பது நீங்கள் கேட்ட வரலாறு. பலர் கவனியாத பகுதி ஒன்று உண்டு. போட்டி நிரல் பல மாதங்களுக்கு முன்னரே அவருக்குத் தெரியும். தெரிந்தவுடன் நானூறு மீட்டருக்குப் பயிற்சி செய்யத் தொடங்கினார், 47.6 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். உங்கள் மகனும் பருவத் தொடக்கத்திலேயே ஆட்ட அட்டவணையை வாங்கி, வீட்டாரோடு அமர்ந்து பேசி, எந்த ஞாயிறு என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்யட்டும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாசற்படியில் நின்று சண்டையிடுவதில் யாருக்கும் பயனில்லை.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு.

அம்மா, யார் பக்கம் பேசுவது என்று கேட்டீர்கள். உங்கள் கணவர் காலைமுதல் இரவுவரை இந்த நகரத்துப் புகையில் வண்டி ஓட்டுகிறவர். மகன் கையில் ஒரு பட்டமும் இல்லாமல் இருபத்தைந்து வயதில் தன்னைப்போல் வண்டியின் முன் வந்து நின்றுவிடுவானோ என்ற அச்சமே அவரை ஷூவை ஒளிக்கச் செய்தது. அந்த அச்சத்தை அவர் மகனிடம் வாய்விட்டுச் சொன்னாரா? பந்தை ஒளித்த கை பேசிய பேச்சு மட்டும் அவனுக்குக் கேட்டது. கும்ப்ளேயின் வீட்டில் பந்து வீசும் முறையை மாற்று என்று அண்ணன் ஒருவர் சொல்ல முடிந்தது. ஏனெனில் அந்த வீட்டில் அதைக் குறித்துப் பேச்சு நடந்தது.

ஷூவையும் பந்தையும் அவர் கையாலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்கவேண்டாம். ஒருநாள் ஆட்டோவை மைதானத்து ஓரமாக நிறுத்தி, அவன் வீசும் ஒரு ஓவரையாவது அவர் பார்க்கட்டும்.

மகனிடம் பேசவேண்டியது வேறு. பி.யு. தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆட்ட நாட்களுக்குச் சங்கத்திடமிருந்து கடிதம் வாங்கி, முதல்வரிடம் முன்னரே கொடுத்து அனுமதி பெறலாம். கேட்டுப் பாருங்கள், ஆட்டக்காரப் பிள்ளைக்கு உதவ மனமுள்ள ஆசிரியர்கள் பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். பயிற்சி காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்குமே. ஆட்டமில்லாத நாளில் பத்து மணிக்கு மைதானத்தில் அவனுக்கு என்ன வேலை என்று பயிற்சியாளரிடமே கேளுங்கள். நல்ல பயிற்சியாளராயின் அவரே அவனை வகுப்புக்குத் துரத்துவார். கணக்குப்பதிவியல் எதற்கு என்று கேட்டானல்லவா? 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் பந்து வீசிவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை அடுத்த இரண்டு ஆண்டுகளும் எங்கே உட்கார்ந்திருந்தான் என்ற கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்த மனிதரின் கதைதான், கேட்பான்.

ஆண்டுத் தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன. அது முடிந்தபின் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அவனுடைய வருகை எத்தனை விழுக்காடு ஆயிற்று, இந்தப் பருவத்தில் எத்தனை விக்கெட் எடுத்தான் என்ற இரண்டையும் அதில் குறிப்பிட மறவாதீர்கள்.